நோட்டு சிஸ்டர்

“அந்த நோட்டு சிஸ்டரை உங்கப்பா பக்கத்துல விடாதீங்க. யாருக்கு எழுதுறாளோ அவங்க தங்கறதில்லை. எங்க மச்சானுக்கும் எழுதினா. அன்னிக்கே போயிட்டார்.”

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு பெண் இப்படிச் சொன்னதும் மகள் எழுந்து கதவருகே ஓடினாள்.

கண்ணாடி வழியே பார்த்தாள். ஒன்பது நாளாக நினைவில்லாமல் கிடக்கும் அப்பாவின் காதருகே குனிந்து, அந்த சிஸ்டர் ஏதோ முணுமுணுத்தாள். அப்பாவின் விரல் ஒருமுறை துள்ளியது. உடனே நோட்டில் எழுதினாள்.

மகள் உள்ளே பாய்ந்தாள். “என்ன எழுதுறீங்க?”

“ஒரு ஆராய்ச்சியில சொல்லியிருக்காங்கம்மா, இப்படி...”

“எங்கப்பா என்ன சோதனை எலியா?”

நேரே பெரிய டாக்டரிடம் போய்ப் புகார் கொடுத்தாள்.

“ரொம்ப முடியாம இருக்கறவங்களுக்கு மட்டும் எழுதுறாங்க, ஆராய்ச்சியைப் படிச்சு நர்ஸுங்களே ஆரம்பிச்ச வேலைம்மா. கொஞ்சம் பொறுங்க” என்றார் அவர்.

மறுநாளும் கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பேனா ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மூன்றாம் நாள் அப்பா கண் திறந்தார். தொண்டையிலிருந்த குழாயை எடுத்தார்கள். மகள் ஆசையாய்க் கையைப் பிடித்தாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“கிட்ட வராதே! கிணத்துக்குள்ள என்னைக் கட்டிப் போட்டாங்க. மூஞ்சியே இல்லாத ஒருத்தி தொண்டையில மண்ணை அள்ளிப் போட்டா. நீ மேல நின்னு சிரிச்சே!”

அவர் பார்வை அவளைத் தாண்டி, யாருமில்லாத மூலையில் குத்திட்டு நின்றது. மகள் ஓரடி பின்வாங்கினாள்.

சிஸ்டர் நோட்டோடு வந்தாள். இம்முறை மகள் தடுக்கவில்லை.

“ஐயா, நினைவில்லாதப்போ நிஜமா நடந்ததை எழுதிவெச்சுப் படிச்சுக் காட்டினா, இந்தப் பயம் தெளியுதுன்னு ஆராய்ச்சி பண்ணிப் பார்த்திருக்காங்க. கேளுங்க. ‘திங்கள்: தொண்டையில் மூச்சுக்குழாய் வைத்தோம். வலித்திருக்கும். செவ்வாய்: அதைப் பிடுங்கப் பார்த்தீர்கள். கையைக் கட்ட வேண்டியதாயிற்று, மன்னியுங்கள். புதன்: உங்கள் மகள் தலைமாட்டில் நின்று அழுதார்.’”

மாஸ்க்கைக் கழற்றினாள். “அந்த மூஞ்சி இல்லாதவ நான்தாங்கய்யா.”

அப்பாவின் மூச்சு மெல்ல அடங்கியது. அவர் கை மகளைத் தேடியது.

சிஸ்டர் மேலே படித்துக்கொண்டே போனாள். ஒரு பக்கத்தை மட்டும் படிக்காமல் புரட்டினாள். மகள் நோட்டை வாங்கி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள்.

‘இன்று உங்கள் மகள் என்மேல் புகார் கொடுத்தார். உங்களுக்காகச் சண்டை போட வாசலிலேயே ஒருவர் காவல் நிற்கிறார் ஐயா. பயப்படாமல் கண் விழியுங்கள்.’