ஒற்று மிகும் இடம்

அவள் அடித்து அனுப்பிய பக்கம் அவள் முன்னாலேயே கிடந்தது.

நாளிதழில், முதல் பக்கத்தில், படமாக.

அருகில் அதன் அசல். தலையில் 'மந்தணம்' என்று சிவப்பு முத்திரை. வெளியே மூச்சு விடக்கூடாது என்பதற்கு அரசாங்கம் கண்டுபிடித்து வைத்திருக்கும் அழகான தமிழ்ச் சொல்.

"ரெண்டையும் ஒப்பிட்டுப் பாருங்க மேடம். இதையும் பவுலின்தான் அடிச்சிருக்கான்னு மூணு வரி எழுதிக் கொடுத்தீங்கன்னா போதும். சாயங்காலத்துக்குள்ள மேல ஒரு பேர் கேக்கறாங்க" என்றார் துணைச் செயலர் தணிகைவேல்.

பவுலின் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒப்பந்தத்தில் வந்த தட்டச்சுக்காரி. அசலை அடித்தவள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு பெண் போலீஸ், கைபேசியைப் பார்த்துக்கொண்டு.

உள்ளே அவள் தாளின் மேல் குனிந்தாள். படிப்பதுபோல.

ஆலங்குறிச்சியில் ஆறு குழந்தைகள் செத்தது தொழிற்சாலைக் கழிவு குடிநீரில் கலந்ததால் என்று சொன்ன அறிக்கை. பிழை திருத்த அவள் மேசைக்கு வந்தது. பேனாவை எடுப்பதற்குள் திருப்பிக் கேட்டு ஆள் வந்துவிட்டது.

மறுநாள் அமைச்சர் சட்டமன்றத்தில் படிக்கவேண்டிய பதில் வந்தது. அதில் குழந்தைகள் காய்ச்சலில் செத்திருந்தார்கள்.

அதற்குப் பிழை திருத்திக் கொடுத்தாள். பொய்யாக இருந்தாலும் சுத்தமாக இருக்கவேண்டும். அதற்குத்தான் மொழிப் பிரிவு.

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நல்லவேளை, திருப்பிக் கொடுக்கும் முன்பே அறிக்கையைக் கைபேசியில் படம் எடுத்திருந்தாள். படத்தை அப்படியே நாளிதழுக்கு அனுப்பினால் எந்த மேசையிலிருந்து போனது என்று மோப்பம் பிடித்துவிடுவார்கள். வீட்டில் உட்கார்ந்து முழுவதையும் புதிதாக அடித்தாள். ரொம்பக் கெட்டிக்காரிதான்.

இப்போது இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறாள்.

அசலில் 'குடிநீர் தொட்டி'. நாளிதழில் 'குடிநீர்த் தொட்டி'.

அசலில் 'விசாரணை குழு'. நாளிதழில் 'விசாரணைக் குழு'.



இத்தனை வருடப் பழக்கம். விட்டுப்போன ஒற்றைக் கண்டால் கை சும்மா இருக்காது. செத்துப்போன பிள்ளைகளின் பெயர்களை அடித்துக்கொண்டிருக்கும்போதும் சும்மா இருக்கவில்லை. தெரியாமலே ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். உளவுக்கும் தமிழில் ஒற்று என்றுதான் பெயர்.

பவுலினுக்கு இந்த வம்பே கிடையாது. ஒற்று போட்டு ஒரு வார்த்தை அடித்து யாரும் பார்த்ததில்லை.

அதை எழுதினால் போதும். இந்தப் பெண் அடித்ததல்ல என்று ஒரு வரி. பவுலின் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விடலாம்.

அப்படியானால் யார் என்பார்கள். இந்த மாடியில் ஒற்று விடாமல் எழுதுகிற ஆள் ஒருவர்தான். வேலை போகும். ஜெயிலும் உண்டு.

சின்னப் பெண்தானே, என்று நினைத்தாள். வேறு வேலை கிடைக்கும். நிரூபிக்க முடியாமல் விட்டுவிடுவார்கள். நிரந்தர வேலைகூட இல்லை, இழப்பதற்கு என்ன இருக்கிறது.

இதையெல்லாம் எடுத்துக்கொடுக்க மனசு எப்போதும் தயாராக இருக்கிறது. கேட்கக்கூட வேண்டாம்.

பேனாவைத் திறந்தாள்.

'இரு பக்கங்களையும் ஒப்பிட்டு பார்த்தேன். எழுத்து பிழைகள் ஒரே மாதிரி உள்ளன. இரண்டையும் ஒரே தட்டச்சு பணியாளர் அடித்ததாக கருதுகிறேன்.'

நான்கு இடங்களில் கை துடித்தது. நான்கு இடங்களிலும் பல்லைக் கடித்து அடக்கினாள். இனி யாரும் அவள் கையை அடையாளம் சொல்ல முடியாது.

தாளை நீட்டினாள்.

தணிகைவேல் வாங்கிப் படித்தார். சின்ன மூன்று வரிகள். அவர் நிமிரவே இல்லை.

இந்த மனிதர் எழுதும் குறிப்புகள் எல்லாம் அவளிடமிருந்து சிவப்பு மையோடுதான் திரும்பிப் போகும். அதற்காக ஒருமுறை அவளோடு முகம் கொடுத்துப் பேசாமலே திரிந்திருக்கிறார்.

மேசையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்தார்.

'ஒப்பிட்டு' பக்கத்தில் ஒரு ப்.

'எழுத்து' பக்கத்தில் ஒரு ப்.

'தட்டச்சு' பக்கத்தில் ஒரு ப்.

'அடித்ததாக' பக்கத்தில் ஒரு க்.

எல்லாம் சரியான இடம். அவளிடமே கற்றுக்கொண்டது.

பிறகு நாளிதழைத் தன் பக்கம் இழுத்தார். சிவப்புப் பேனாவின் நுனி வரிவரியாக இறங்கியது. தொட்டியில் நின்றது. குழுவில் நின்றது.



கத்துவார் என்று நினைத்தாள். கதவைத் திறந்து அந்தப் போலீஸ் பெண்ணைக் கூப்பிடுவார் என்று நினைத்தாள். அப்படிச் செய்திருந்தால்கூடத் தேவலை என்று பின்னால் பல நாள் அவளுக்குத் தோன்றும்.

அவர் அவளுடைய தாளை மெதுவாக நான்காக மடித்தார். சட்டைப் பையில் வைத்தார். இழுப்பறையைத் திறந்து வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து அவள் முன்னால் போட்டார்.

"அது எங்கிட்ட இருக்கட்டும் மேடம். அதே மூணு வரியை நீங்க எப்பவும் எழுதற மாதிரி இன்னொண்ணு எழுதிக் கொடுங்க."

கதவுக்கு வெளியே பவுலின் தண்ணீர் கேட்டாள். யாரோ 'இரு' என்றார்கள்.

அவள் எழுதினாள். பிழையே இல்லாமல்.