தளை தட்டுது!

"ஏன்னா, எங்க போறேள்? சட்டையாவது போட்டுக்கோங்கோ!"

"துரைராஜ் வெண்பால தளை தட்டுது. சீருக்குச் சீர் ஒட்டலை. சொல்லிட்டு வரேன்."

பட்டாபிராமன் காதில் கைபேசியை வைத்தபடி, பனியனோடு மாடியேறினார்.

நாகலக்ஷ்மிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரப்பாக்கத்து அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஞாயிறுதோறும் துரைராஜ் வெண்பா போடுவார். உடனே இவர் எல்லார் முன்னாலும் பிழை சொல்லிக் குட்டுவார். அச்சகத்தில் ப்ரூஃப் பார்க்கிற புத்தி!

பாவம், துரைராஜுக்குத் திருமுடிவாக்கத்துப் பட்டறை வேலை போய் ஆறு மாசம். மனைவியும் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். நொந்து கிடக்கிற மனுஷன் அவமானத்தில் ஏதாவது செய்துகொண்டால்?

கைபேசியைப் பார்த்தாள்.

'தூக்கிய மூட்டையைத் தூரவைத்தேன் தோழரே
பாக்கி உறக்கம் எனக்கு.'

நன்றாகத்தானே இருக்கிறது! கீழே வரிசையாகக் கைதட்டல் படங்கள் வேறு.

மனசு கேட்காமல் அவளும் ஏறினாள்.

கதவு திறந்திருந்தது. இருவரும் தரையில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள்.

"எங்க சார் தட்டுது? விளம் முன் நேர், மா முன் நிரை. எல்லாம் சரியாத்தானே இருக்கு!"

"திரும்ப எண்ணு."

"அஞ்சு வாட்டி எண்ணியாச்சு சார்! இன்னைக்காவது என்னை விடக்கூடாதா?" துரைராஜ் பொலபொலவென்று அழுதுவிட்டார்.

"போறும், வாங்கோன்னா!" நாகலக்ஷ்மி அவர் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"ஆறாவது வாட்டி எண்ணுய்யா!" என்றார் பட்டாபிராமன்.

அரை மணி நேரம் இதே கூத்து. அப்புறம் மூச்சிரைக்க ஓடிவந்தான் ஏசுபாதம், துரைராஜின் தம்பி. தாம்பரத்திலிருந்து வந்திருக்கிறான். அண்ணனைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை.

"கிளம்புண்ணே, நம்ம வீட்டுக்கு. நல்லவேளை சார் ஃபோன் பண்ணாரு!"

துரைராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"சார், அடுத்த ஞாயித்துக்கிழமை வேற எழுதறேன். அதுல தட்டுதான்னு பாருங்க!"

"பாக்கத்தானே போறேன்!"

அவர்கள் படியிறங்கியதும் பட்டாபிராமன் சுவரில் சாய்ந்தார். பனியன் தொப்பலாக நனைந்திருந்தது.

நாகலக்ஷ்மி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அப்போ... எங்கதான் தளை தட்டித்து?"

"எங்கயுமே தட்டலைடி. மூணு வருஷத்துல அவன் பிழையே இல்லாம எழுதின முதல் வெண்பா. அதான் பயந்து ஓடிவந்தேன்."