விலா கொடுத்த சுண்ணாம்பு

ஒரு கடமானின் தலையில் கொம்பு முளைத்ததும், ரத்தத்தோடு ரத்தமாக ஹார்மோன் வந்து விலா எலும்பின் வாசலில் நின்றது.

"அண்ணே, கொம்புத் தம்பிக்குப் பொண்ணு பாக்குற வயசு. உங்க உடம்புல இருக்கிற சுண்ணாம்புச் சத்தைக் கொஞ்சம் குடுங்க."

விலா கொடுத்தது. கொடுத்துக் கொடுத்து உளுத்த மூங்கில் மாதிரி ஆனது. கொம்போ கிளைவிட்டு வளர்ந்து, "எல்லாம் என் சொந்த வளர்ச்சி" என்று பெண்மான்களிடம் பீற்றிக்கொண்டது. விலா உள்ளுக்குள் புகைந்தது.

ஒருநாள் வேறொரு கடமான் சண்டைக்கு வந்தது. கொம்பு வீராப்பாக முன்னால் போனது. இடி விழுந்ததென்னவோ விலாவின் மேல்தான்.

"விரிசல் விட்டுருச்சுடா தம்பி!"

"வெளியே தெரியாத உனக்கு என்ன கேடு? நான் நிமிர்ந்து நிக்கிறதைப் பாரு" என்றது கொம்பு.

பருவம் முடிந்தது. ஹார்மோன் வருவதை நிறுத்திக்கொண்டது. கொம்பு ஆட்டம் கண்டது.

"ஹார்மோனைக் கூப்பிடு அண்ணே!"

"வெளியே தெரியாதவன் நான். எனக்கு யாரைத் தெரியும்?" என்றது விலா.

கொம்பு சேற்றில் விழுந்தது. முள்ளம்பன்றி ஒன்று வந்து அதைக் கொறித்த சத்தத்தை விலா ஆசையாகக் கேட்டது. இனி எவனுக்கும் ஒரு துளி கிடையாது என்று சபதம் போட்டது. மேய்ச்சலில் கிடைத்த சுண்ணாம்பைச் சேர்த்து விரிசலை அடைக்கத் தொடங்கியது.

பாதி அடைப்பதற்குள் தலையில் புதுக் கொம்பின் மொட்டு எட்டிப் பார்த்தது. பழையபடி ஹார்மோன் வாசலில் வந்து நின்றது.

"பெரியப்பா, நான் எங்கப்பா மாதிரி இல்லை" என்றது மொட்டு.

விலா அதன் பரம்பரையையே இழுத்துத் திட்டியது. திட்டி ஓய்ந்ததும் கேட்டது:

"எவ்வளவு வேணும்?"