உறவு என்ற கட்டம்

ஹூஸ்டன் நோட்டரி அலுவலகத்தில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்த பிறகுதான் நெரெய்தாவின் முறை வந்தது. குடியேற்றப் போலீஸ் தன்னைப் பிடித்துவிட்டால் ஆறு வயது மகன் டாரியலுக்கு யமிலெத் என்ற பெண்தான் பொறுப்பு என்று எழுதிக் கொடுக்க, அவளையும் கூட்டி வந்திருந்தாள்.

"பீன்ஸ்ல வெங்காயம் தட்டுப்பட்டா தட்டையே தள்ளிடுவான்," என்றாள் நெரெய்தா.

"தெரியும்," என்றாள் யமிலெத்.

"இருமினா உள்ளங்கால்ல தைலம் தேய்ச்சு..."

"சாக்ஸ் மாட்டிவிடணும். தெரியும்."

நோட்டரி அம்மாள் படிவத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பையனோட அப்பா?"

"போன மாசம் பிடிச்சு ஹோண்டுராஸுக்கு அனுப்பிட்டாங்க," என்றாள் நெரெய்தா.

"நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா? உறவு என்னன்னு இந்தக் கட்டத்துல எழுதணும்."

யமிலெத் தரையைப் பார்த்தாள்.

நெரெய்தா கொட்டாவியை அடக்கிக்கொண்டாள். "என் அக்கா தங்கச்சி ஒருத்திகிட்டயும் இந்த நாட்டுல தங்கறதுக்கான பேப்பர் இல்லைங்க. இவகிட்ட இருக்கு. என் புருஷன் என்னை விட்டுட்டு இவளோடதான் மூணு வருஷமா குடித்தனம் நடத்தினான். போனதுதான் போனான், பேப்பர் இருக்கறவகிட்டப் போனானே, அந்தமட்டும் புண்ணியம்."