கண்ணீர் அஞ்சலியில் இருந்த முகவரி

புரோக்கருக்குச் சேதி போகும் முன்பே கேட்டுவிட வேண்டும் என்று, கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் முகவரி பார்த்து அந்த வீட்டுக்கு வந்திருந்தாள் தவமணி. "வாடகை வீடுதான். அந்தம்மா இனிமே மக வீட்டுக்குப் போயிடும். காலி பண்றீங்களான்னு பதமாக் கேளு" என்று சொல்லிவிட்டுக் கணவன் தெருமுனையிலேயே நின்றுகொண்டான். மாதக் கடைசிக்குள் அவர்களுக்கு வீடு வேண்டும்.

இறந்தவரின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எடுத்த அன்னிக்குப் போனவங்கதான், ஒருத்தரும் திரும்பி எட்டிப் பாக்கல. நீயாவது வந்தியேம்மா. அவரைத் தெரியுமா உனக்கு?"

கூடத்தில் கட்டில் எந்தப் பக்கம் போடலாம் என்று அளந்துகொண்டிருந்த கண்களைத் தவமணி தாழ்த்திக்கொண்டாள்.

"ரொம்ப நல்ல மனுஷர்ம்மா."

"ஆமாடி கண்ணு" என்று அந்தம்மாள் அவள் தோளில் சாய்ந்தாள். "இன்னும் ஏதாச்சும் சொல்லேன்."