மூணு ஸ்டார்

இட ஒதுக்கீடு கேட்டு ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்த வாரம். கள்ளக்குறிச்சி ஜவ்வரிசிக் கம்பெனியில் கிளார்க் வேலைக்குத் தேர்வு எழுத, பஸ் இல்லாமல் சங்கராபுரத்திலிருந்து பகலவனும் இன்னும் சில பையன்களும் நடந்தே வந்திருந்தார்கள்.

புதுக் கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் மார்க் பட்டியல். மானேஜர் கண்ணாயிரம், ஆபரேட்டர் இசைவாணிக்குப் பின்னால் நின்று படித்தார்.

"எல்லாம் ஒரே திரையில தெரியணும். கட்டத்த சுருக்கு."

"சுருக்கிட்டேன் சார்."

"நம்ம மச்சான் பையன் சிவசங்கர் அறுபத்திரெண்டு. போதும். இது இன்னா, பகலவனுக்கு மார்க் போடாம மூணு ஸ்டார்?"

"சார், அது வந்து..."

"சொல்லவே வாணாம். மரம் வெட்டுன ஆளுன்னு குறி வச்சிருக்க. கெட்டிக்காரிதான். படிக்க வக்கில்ல, கோட்டா கேட்டுக்கினு திரியறானுங்க. அவன கழிச்சிட்டு சிவசங்கருக்கு ஆர்டர் அடி."

"அத உங்க கையால எழுதிக் குடுங்க சார். மொதலாளி கேப்பாரு."

'ஸ்டார் போட்டவருக்குத் தகுதி இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார் கண்ணாயிரம். இசைவாணி அந்தத் தாளை முதலாளியின் ஃபைலில் வைத்துவிட்டு, நாலு பட்டனைத் தட்டிக் கட்டத்தை அகலமாக்கினாள். ஸ்டார் மறைந்து 100 என்று வந்தது.

கண்ணாயிரத்தின் கை ஃபைலை நோக்கி நீண்டது. இசைவாணி ஃபைலை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நம்பர் அடங்கலன்னா கம்ப்யூட்டர் ஸ்டார் போட்டுடும் சார். நீங்க சுருக்குன கட்டத்துல அறுபத்திரெண்டுக்குதான் எடம். நூத்துக்கு நூறு வாங்குனவனுக்கு எடமில்ல."