முதலாளி கைபடாத கடை

எந்தக் கடை வைத்தால் கனடாவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைக்கும் என்னும் அரசுப் பட்டியலை, வின்னிபெக்கில் நகலெடுக்கும் கடை நடத்திய ரொசெண்டோ செபமாலைச் செபம்போல் ஓதாத நாளில்லை.

மணிலாவிலிருந்து வந்த டெல்ஃபின் அவரிடம் கேட்டான்.

"அண்ணே, காசு போட்டா துணி துவைக்கிற மிஷின் பத்து வாங்கிக் கடை போடலாமா?"

"போட்டுட்டு அடுத்த பிளேன்ல ஊருக்குக் கிளம்பு! மிஷின் துவைக்கும், நீ என்னடா பண்ணுவ? முதலாளி கைபட வேலை செஞ்சாத்தான் அது சேவைத் தொழில். இல்லேன்னா வெறும் உண்டியல்."

"நானே மடிச்சு, வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுத்தா?"

"அப்படி வா வழிக்கு!"

வந்தவர்கள் தாமே காசு போட்டு நகலெடுத்துக்கொண்டு போக, ரொசெண்டோ நாற்காலியை விட்டு எழாமலே மேலும் மூவருக்கு வழிகாட்டினார்.

மறு ஆண்டு டெல்ஃபினுக்கு உரிமை கிடைத்தது. நன்றி சொல்லப் பன்சித் நூடுல்ஸோடு வந்தவன், ரொசெண்டோ ஒரு கடிதத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கண்டான்.

"என்ன அண்ணே?"

"என் விண்ணப்பத்தைத் தள்ளிட்டாங்கடா."

"உங்களுக்கே இன்னும் கிடைக்கலையா?"

அவர் கடிதத்தை நீட்டினார். 'நகலெடுப்பவை இயந்திரங்கள். உரிமையாளர் நாள் முழுதும் அமர்ந்து பேசுகிறார். தகுதியில்லை.'

"ஊரார் கடையெல்லாம் பட்டியல்ல தேடினேன். என் கடையைத் தேடலை."

"என் கடையில துணி மடிக்க ஆள் வேணும்ணே. அந்த வேலையை வெச்சு மறுபடி விண்ணப்பம் போடலாம்."

வேலைக்கு அனுமதி வந்த நாள் முதல், வெள்ளைத் துணி வேறு, வண்ணத் துணி வேறு என ரொசெண்டோ வகைபிரிக்கலானார். துவைக்க வந்தவர்கள் அவரைச் சூழ்ந்து நின்று பட்டியலைப் பற்றிக் கேட்டார்கள்.

உள்ளிருந்து டெல்ஃபின் குரல் கொடுத்தான்.

"அண்ணே, வாய் போதும். கை!"